கல் இறுகும் காலம்

டைக் வீதிக் கடைசியில் தகரக் கொட்டகை,
பதினேழு பிள்ளைகள்.
கச்சான் மூன்றாம் நாளாய் விடாமல் அடிக்கிறது.
திருகோணமலையில் ஒருவரும் கண்டிராத மரத்தின் காயைக்
கரும்பலகையில் வரைந்து
செரி என்று எழுதினேன்.

"சாப்பிட்டது செரிக்குமே, அந்தச் செரியோ மிஸ்?"
பின்வாங்கில் அபிதரன்.
சிரித்து முடியட்டும் என்று நின்றேன்.
பிறகு ஒரு கோடு:
ஏறி, படுத்து, மறுபடி ஏறும் கோடு.

முதல் ஏற்றத்தில் ஒட்சின், ஜிபரலின், சைற்றோகைனின்.
கலியாண வீட்டுக்கு முதல்நாளே வந்திறங்கிய சொந்தம்போல்
ஆளுக்கொரு வேலை, எல்லோருக்கும் சத்தம்.
கலத்தைப் பிரி, கலத்தைப் பெருப்பி,
விதைக்கு முதலில் சோறு போடு.

பிறகு கோடு படுத்துவிடும்.
காய் பருக்காது, நிறம் மாறாது.
உள்ளே கல் மட்டும் இறுகிக்கொண்டிருக்கும்.
வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்
மரத்தைக் குறை சொல்லும் காலம் அது.

"பழுக்க வைக்கிறது எதிலீன்தானே?"
ஷிப்னா, மத்திய வீதிப் பழக்கடை றவூபின் மகள்.
வாழைக்குலையை இரவு முழுக்கப் புகையில் அடைத்து
விடியப் பொன்னாய் எடுக்கிற வீட்டுப் பிள்ளை
தெரிந்ததைத்தான் கேட்கிறாள்.
வாழைக்கு ஓம். மாவுக்கு, பப்பாசிக்கு ஓம்.
ஒன்று பழுத்தால் அடுத்ததின் காதில் போய் ஊதும் இனங்கள்.
செரி அந்த வம்புக்குக் காது கொடுப்பதில்லை.
புகை போட்டும் பயனில்லை.
பிடுங்கிய அன்று என்ன இனிப்போ, அவ்வளவுதான்.

செரிக்கு வருவது அப்சிசிக் அமிலம்.
எழுதும்போது வெண்கட்டி உடைந்தது.

போன கிழமை இதே பெயரை
வறட்சி என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தேன்:
வேர் காயும்போது இலைக்கு ஓடிவந்து
இலைவாயை மூடு என்று சொல்லும் பொருள்.
அபிதரன் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினான்.
"மிஸ், இது கெட்ட ஓமோன் எல்லோ?"

அந்த நேரம் பார்த்து அது வந்தது.
கழுத்தில் தொடங்கிக் காதுமடல்வரை
கச்சானுக்குச் சம்பந்தமில்லாத நெருப்பு.
சேலைத் தலைப்பால் முகம் துடைத்து
ஃபானைக் கூட்டச் சொன்னேன்.
ஷிப்னா எழுந்து போய்க் கூட்டினாள்,
என்னைப் பார்க்காமல்.

செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில் தந்த
இரத்தப் பரிசோதனைத் துண்டு கைப்பைக்குள் இருக்கிறது.
டொக்டர் சின்னப் பெடியன்,
என்னிடம் படித்தவனில்லை, நல்லகாலம்.
"ஓமோன் குறையுது அன்ரி, நாற்பத்தொன்பதில இது வழமை."
இறங்கிய எண்ணைப் பேனையால் வட்டமிட்டான்.
ஏறிய எண் ஒன்றும் அதிலிருந்தது.
அதற்கு வட்டமில்லை.

கெட்ட ஓமோன் என்று ஒன்றில்லை, எழுதுங்கோ, என்றேன்.
குரல் கொஞ்சம் கூடிப்போயிற்று.
வறட்சியில் வாயை மூடச் சொன்ன அதே பொருள்தான்
முந்தி வந்த சத்தமெல்லாம் அடங்கிய பிறகு
பச்சையைக் கலைக்கிறது, சீனியைக் கூப்பிடுகிறது,
சிவப்புக்குக் கதவு திறக்கிறது.
எப்படி என்று கேட்டால் எனக்கும் முழுக்கத் தெரியாது.
சோதனைக்கு வராது.

"மிஸ் செரி சாப்பிட்டிருக்கிறீங்களோ?"
இல்லை.
பொய் சொல்லியிருக்கலாம்.

வகுப்பு கலைந்தபின் ஷிப்னா
பையிலிருந்து கேக் துண்டொன்று எடுத்துத் தந்தாள்.
நேற்றுப் பிறந்தநாளாம்.
உச்சியில் ஒரு சிவப்பு உருண்டை.
சாயத்தில் ஊறிய பப்பாசிக்காய் என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கேற்றடியில் ஒரு புள்ளிமான்,
கோட்டைப் பக்கமிருந்து வாழைத்தோல் தேடி வந்தது.
உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
மோந்து பார்த்தது. மூக்கால் தள்ளி விழுத்தியது.
பிறகு என் கை வியர்வையை,
உப்புக்காக,
நெடுநேரம் நக்கிக்கொண்டு நின்றது.